உப்புக்காற்று வீசும் ஊரில் பேஸ் கிற்றாருக்கு எந்த நிக்கல் கம்பி?

கேள்வி இதுதான்: "அண்ணா, பழைய யமஹா பேஸ் கிற்றார் ஒன்று வாங்கியிருக்கிறேன், நான்கு கம்பி. வீடு யாழ்ப்பாணம் குருநகர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடகர் குழுவோடு வாசிக்கிறேன். கோயில் திருவிழாக் காலத்தில் இசைக்குழு ஒன்றோடு மேடைக்கும் போகிறேன். விரலால்தான் வாசிப்பேன். கம்பி செத்துப்போய்விட்டது. கடையில் நிக்கல் போடச் சொல்கிறார்கள். லீட் கிற்றார் வாசிக்கிற அண்ணன் ஸ்டெயின்லெஸ் போடு, சத்தம் மற்றதை வெட்டிக்கொண்டு தெரியும் என்கிறார். பக்கெற்றில் 45, 100, 105 என்று இலக்கங்கள் இருக்கின்றன, ஒன்றும் விளங்கவில்லை. அடிக்கடி மாற்றக் கையில் காசும் இல்லை. எதை வாங்கலாம்?"

தம்பி, முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். நிக்கல் பூசிய ஸ்டீல், ரவுண்ட்வவுண்ட் (வெளியே உருண்டைக் கம்பி சுற்றியது), லோங் ஸ்கேல் (34 அங்குலக் கிற்றாருக்கு உரியது), தடிப்பு 45–105. மென்மையாக வாசிக்கிற கை என்றால் 45–100. இதை அப்படியே கடையில் சொல்லி வாங்கினால் போதும். ஏன் இது, எந்த இடத்தில் இந்த விடை மாறும் என்பதையும் தெரிந்துகொண்டால் அடுத்த முறை நீங்களே தெரிவு செய்யலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு பேஸ் கம்பியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் கார்பன் கூடிய உருக்குக் கம்பி ஒன்று ஓடும். இழுவையைத் தாங்குவது அதுதான். பெரும்பாலும் அது அறுகோணமாக இருக்கும். மேலே சுற்றும் கம்பி வழுக்காமல் அந்த விளிம்புகள் பிடித்துக்கொள்ளும். அதன் மேலே ஒரு அடுக்காகவோ, தடித்த கம்பிகளில் பல அடுக்காகவோ இன்னொரு கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கும். பக்கெற்றில் நிக்கல் என்றும் ஸ்டெயின்லெஸ் என்றும் எழுதியிருப்பது வெளியே தெரிகிற இந்தச் சுற்றுக்கம்பியைப் பற்றித்தான். உள்ளே இருப்பது எல்லாவற்றிலும் உருக்குத்தான்.

கடைகளில் நிக்கல் என்று தருவதில் மிகப் பெரும்பாலானது நிக்கல் பூசிய ஸ்டீல். சுற்றுக்கம்பி மெதுவான ஸ்டீல், அதன் மேல் மெல்லிய நிக்கல் பூச்சு. பூச்சின் பங்கு பொதுவாக 8 சதவீதம் அளவில்தான் வரும். டடாரியோவின் இஎக்ஸ்எல் 170, ஏர்னி போலின் ஸ்லிங்கி பேஸ் வரிசை, ஜிஎச்எஸ் பேஸ் பூமர்ஸ், ஃபெண்டர் 7250 எல்லாம் இந்த வகை. சுத்த நிக்கல் கம்பி வேறு. அதில் சுற்றுக்கம்பி முழுவதுமே நிக்கல். பக்கெற்றில் 'பியூர் நிக்கல்' என்று தெளிவாகப் போட்டிருந்தால்தான் அது. வெறுமனே 'நிக்கல் வவுண்ட்' என்றிருந்தால் பூசியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காந்தத்தை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதில் பிரயோசனம் இல்லை, ஏனென்றால் நிக்கலும் காந்தத்தில் ஒட்டும், ஸ்டீலும் ஒட்டும்.

காந்தத்தில் ஒட்டுவது இந்தக் கருவிக்கு அடிப்படையான விசயம். கம்பிக்குக் கீழே உடலில் பதித்திருக்கிற பிக்கப்பில் ஒரு காந்தமும் கம்பிச்சுருளும் உண்டு; அந்தக் காந்தம் கிற்றார் கம்பியைக் காந்தமாக்குகிறது. அந்தக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, அந்த அசைவு சுருளில் மின்சாரமாகிறது. ஸ்டீல் வலுவாகக் காந்தமாகும், நிக்கல் அவ்வளவு வலுவாக ஆகாது. அதனால்தான் சுத்த நிக்கல் கம்பியில் சத்தம் சற்றுக் குறைவாகவும் நுனிகள் மழுங்கியதுபோல மிருதுவாகவும் வரும். நிக்கல் பூசியது நடுவில் நிற்கும். ஸ்டெயின்லெஸ் கூர்மையாகப் பாயும். இதே காரணத்தால்தான் அகூஸ்டிக் பேஸுக்கென்று விற்கிற வெண்கலக் கம்பியை எலெக்ட்ரிக் பேஸில் பூட்டக் கூடாது. வெண்கலம் காந்தத்துக்கு ஒன்றுமே இல்லை, உள்ளே இருக்கிற உருக்கு மட்டும் வேலை செய்யும், சத்தம் மெலிந்து போகும்.

சரி, லீட் வாசிக்கிற அண்ணன் ஏன் ஸ்டெயின்லெஸ் சொல்கிறார்? அவருக்குப் பேஸ் கேட்கவில்லை, அதனால் சொல்கிறார். அவர் சொல்கிற குறை சரி. அதற்கு அவர் சொல்லும் மருந்தைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உங்கள் மிகத் தடித்த கம்பியான E கம்பியை எங்கும் அழுத்தாமல் தட்டினால் அதன் அடிச்சுருதி 41 ஹேர்ட்ஸ். கோயில் வீதியில் கட்டுகிற பெட்டி ஸ்பீக்கர்களில் பல அந்த ஆழத்தை ஒழுங்காகத் தருவதில்லை. வீட்டில் பழகுகிற சின்ன அம்பிளிபயர் தரவே தராது. அப்படியானால் சனத்துக்குக் கேட்பது என்ன? 82, 123, 164 என்று மேலே ஏறிப் போகிற மேல்சுரங்கள். அவற்றைக் கேட்டதும் காது தானாகவே அடிச்சுருதியை நிரப்பிக்கொள்கிறது. கம்பி செத்துப்போனால் முதலில் போவது இந்த மேல்சுரங்கள்தான். அப்போது மேடையில் 'டும் டும்' என்று ஏதோ இடிக்கும், என்ன சுரம் என்று தெரியாது. அண்ணன் ஒலியைக் கூட்டச் சொல்லுவார், கூட்டினால் இடி மட்டும் கூடும். புதிய நிக்கல் கம்பி ஒரு செற் பூட்டியவுடன் ஒலியைக் கூட்டாமலே ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெரியும். அவர் கேட்ட 'வெட்டு' அதிலேயே வந்துவிடும்.

ஸ்டெயின்லெஸ் அதற்கும் மேலே போகும். விரல் கம்பியில் வழுக்கும்போது 'சர்ர்' என்று ஒரு சத்தம், கழுத்தின் குறுக்கே பதித்திருக்கிற உலோகப் பட்டையான பிரெற்றில் தட்டும்போது ஒரு உலோகக் கிணுகிணுப்பு. கட்டைவிரலால் அறைந்து வாசிக்கிற ஸ்லாப் முறைக்கு அது அழகு. தேவாலயத்தில் திருவிருந்து நேரம் மெல்லிய பாடல் ஒன்று போகும்போது அந்த 'சர்ர்' ஒவ்வொரு நகர்விலும் கேட்டுக்கொண்டிருந்தால் பாடுகிறவர்களுக்கு இடைஞ்சல். தவிர, அது நிக்கல் பூசியதைவிடக் கடினமான உலோகம், பிரெற்றைக் கெதியாகத் தேய்க்கும். நம் கைக்கு வருகிற கிற்றார்களில் பிரெற்றுகள் செம்பு, நாகம், நிக்கல் கலந்த மெதுவான உலோகம்தான். யாழ்ப்பாணத்தில் பிரெற் மாற்றத் தெரிந்த கை கிடைப்பது லேசான காரியமா? பழைய கிற்றார் வாங்கியிருக்கிறீர்கள், பிரெற்றுகள் ஏற்கனவே கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கும். அதைக் காப்பாற்றுங்கள்.

ஸ்டெயின்லெஸ்ஸை நான் சொல்கிற ஒரு சாரார் உண்டு. கவரிங் நகை போட்டால் கழுத்து அரிக்கிறது, கைக்கடிகாரத்தின் பின்தகடு பட்ட இடம் சிவக்கிறது என்பவர்களுக்குப் பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமைதான் காரணம். அவர்கள் நிக்கல் கம்பியில் மணிக்கணக்காகப் பழகினால் விரல் நுனி வெடித்துப் புண்ணாகும். அவர்களுக்கு ஸ்டெயின்லெஸ், அல்லது மேலே பிளாஸ்டிக் படலம் போட்ட கம்பி. உங்களுக்கு அப்படி ஏதும் இருந்தால் மேலே சொன்ன விடையை மறந்துவிடுங்கள்.

இனி அந்த இலக்கங்கள். 45 என்றால் ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் 45 பங்கு, ஏறக்குறைய 1.14 மில்லிமீற்றர். அது மிக மெல்லிய G கம்பியின் தடிப்பு. 105 என்பது E கம்பி, 2.67 மில்லிமீற்றர். ஒரு செற்றைச் சொல்லும்போது மெல்லியதையும் தடித்ததையும் மட்டும் சொல்வது வழக்கம். டடாரியோ இஎக்ஸ்எல் 170 என்பது 45, 65, 80, 100. அதன் அண்ணன் இஎக்ஸ்எல் 165 என்பதில் E 105 ஆகவும் அதற்கு அடுத்த A 85 ஆகவும் தடிக்கும். ஏர்னி போலில் சூப்பர் ஸ்லிங்கி 45–100, ஹைபிரிட் ஸ்லிங்கி 45–105, ரெகுலர் ஸ்லிங்கி 50–105. பக்கெற்றின் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், இலக்கத்தைப் பாருங்கள்.

தடிப்புக் கூடினால் அதே சுருதிக்கு ஏற்ற இழுவையும் கூடும். நீண்ட ஸ்கேல் பேஸில் ஒவ்வொரு கம்பியும் சுமார் 35 முதல் 50 இறாத்தல் வரை இழுக்கிறது. நான்கும் சேர்ந்தால் கழுத்தில் விழுவது ஒரு பெரிய ஆளின் நிறை. E கம்பியை 100 இலிருந்து 105 ஆக்கினால் அந்தக் கம்பியின் இழுவை ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். கையில் உடனே தெரியும். கம்பி விறைப்பாக நிற்கும், அழுத்தி வாசித்தாலும் பிரெற்றில் அடிபடாது, சுரம் இறுக்கமாக வரும். மெதுவாக வாசிக்கிற கைக்கு அதே விறைப்பு வேலையாகத் தெரியும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பாடகரின் குரலுக்காகக் குழு முழுவதும் அரைச் சுருதி இறக்கி வைத்து வாசிக்கிற வழக்கம் உங்கள் குழுவில் இருந்தால், அரைச் சுருதி இறக்கினாலே இழுவை 11 சதவீதம் அளவு குறையும். அதாவது 105 கம்பியை அரைச் சுருதி இறக்கினால் அது வழமையான சுருதியில் 100 கம்பி தருகிற இறுக்கத்தைத் தரும். இறக்கி வாசிக்கிற குழுவில் 45–100 போட்டுவிட்டு E கம்பி தொளதொளக்கிறது என்று கம்பனியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. இறக்குகிற குழு என்றால் 105, இறக்காத குழு என்றால் உங்கள் கையைப் பொறுத்து.

40–95 போன்ற மெல்லிய செற்றுகளும் உண்டு. வேகமாக ஓடலாம், விரல் நோகாது. ஆனால் மேடையில் தபேலா, எலெக்ட்ரோனிக் தாளப் பாட், கீபோர்ட் எல்லாம் சேர்ந்து வரும்போது மெல்லிய கம்பிக்கு உடம்பு போதாது. முதல் செற்றாக அதை நான் சொல்ல மாட்டேன்.

ரவுண்ட்வவுண்ட் என்று ஏன் அழுத்திச் சொன்னேன் என்றால், பிளாட்வவுண்ட் என்று இன்னொரு வகை உண்டு. அதில் வெளியே சுற்றுவது உருண்டைக் கம்பி இல்லை, தட்டையான நாடா. விரல் வைத்தால் கண்ணாடிபோல வழுக்கும். சத்தமும் உருண்டு, தடித்து, கிணுகிணுப்பில்லாமல் வரும். ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் 1951இல் வந்தபோது இருந்த உலகம் இதுதான். அமெரிக்காவின் மோட்டவுன் கம்பனி இசைத்தட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் லா பெல்லா பிளாட்வவுண்ட் கம்பிகளைப் பூட்டி, அறுந்தாலொழிய மாற்ற மாட்டார். 1960களின் நடுவில்தான் இங்கிலாந்தில் ரோட்டோசவுண்ட் கம்பனியும் த ஹூ ரொக் குழுவில் பேஸ் வாசித்த ஜோன் என்ட்விஸிலும் சேர்ந்து, பியானோபோல ஒலிக்கிற ரவுண்ட்வவுண்ட் பேஸ் கம்பியைக் கொண்டுவந்தார்கள். அது ஸ்டீல். அதற்குப் பிறகுதான் பேஸ் வாசிப்பவர் மேடையின் பின்னாலிருந்து முன்னே கேட்கத் தொடங்கினார். நிக்கல் பூசிய ரவுண்ட்வவுண்ட் இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவே நிற்கிறது. முதல் சில நாள் ஸ்டீல் மாதிரி மினுங்கும், பிறகு அடங்கி, நடுச்சுரங்கள் நிறைந்த ஒரு சத்தத்தில் நிலைக்கும். அந்த அடங்கிய காலம் நீளமாக இருப்பதுதான் நிக்கலின் உண்மையான நன்மை.

நீங்கள் வாசிப்பது பெரும்பாலும் சினிமாப் பாட்டுகள் என்று நினைக்கிறேன். இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் சும்மா தாளத்துக்கு இடித்துக்கொண்டு நிற்பதில்லை, பாட்டுக்குப் பக்கத்தில் தானும் ஒரு பாட்டாக நடந்து போகும். சசிதரன் வாசித்த அந்த வரிகளை ஹெட்போனில் கேட்டு ஒவ்வொரு சுரமாக எடுத்துப் பழகுங்கள். ரஹ்மானின் பாட்டுகளில் கீத் பீற்றர்ஸின் வாசிப்பையும் அப்படியே கேளுங்கள். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போவதும், ஒரு சுரத்தைச் சரியான இடத்தில் நிறுத்தி வெட்டுவதும் அந்த வாசிப்பின் உயிர். அது சனத்துக்குப் போய்ச் சேர நடுச்சுரம் தெளிவாக வேண்டும். பழகுகிற காலத்தில் பிளாட்வவுண்டை நான் தள்ளிவைப்பது இதனால்தான். பிரெற் இல்லாத பேஸ் வாங்கினால், அல்லது பழைய மெல்லிசைப் பாட்டுகளுக்கு மட்டும் வாசிக்கிறீர்கள் என்றால், பிளாட்வவுண்டைத் தாராளமாகப் பூட்டலாம். அதிலும் நிக்கலில் செய்தது உண்டு. வியன்னாவின் தோமாஸ்டிக்-இன்ஃபெல்ட் செய்கிற ஜாஸ் பிளாட்ஸ் கையில் மிக மென்மையாக இருக்கும், இழுவையும் குறைவு. விலைதான் ஆளை யோசிக்க வைக்கும்.

இனி நம் ஊர் விசயம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்த வீடும் கடலுக்கோ கடல்நீரேரிக்கோ பெரிய தூரமில்லை. குருநகரில் உங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைப் பாருங்கள், பெயின்ற் உரிந்து எப்படித் துருப்பிடித்திருக்கிறது என்று. அதே காற்றுத்தான் கிற்றார் கம்பியிலும் படுகிறது. நிக்கல் பூச்சு மெல்லியது. விரல் ஓடுகிற இடத்திலும் பிரெற் உரசுகிற இடத்திலும் முதலில் தேயும். தேய்ந்த இடத்தில் உள்ளே இருக்கிற ஸ்டீல் வெளியே வரும், உப்பும் வியர்வையும் சேர்ந்தால் அங்கே துரு. மற்ற ஊரில் ஒரு வருடம் போகிற செற் இங்கே அவ்வளவு காலம் போகாது.

துருவைவிடக் கெதியாகக் கம்பியைச் சாகடிப்பது அழுக்கு. சுற்றுக்கம்பிகளுக்கு இடையில் இருக்கிற நுண்ணிய பள்ளங்களில் தோல், எண்ணெய், தூசி எல்லாம் போய் அடைந்து இறுகிவிடும். கம்பி வளைந்து அதிர அந்தச் சுற்றுகள் ஒன்றோடொன்று சுதந்திரமாக அசைய வேண்டும், அழுக்கு அதை ஒட்டிவைத்துவிடும். மேல்சுரங்கள் அடங்கிப்போவது இப்படித்தான். திருவிழா மேடையை நினைத்துப் பாருங்கள். சந்தனமும் திருநீறும் பூசின கை, பிரசாதமாகக் கிடைத்த வடையின் எண்ணெய் விரலில், புழுக்கத்தில் வியர்வை. மேடையில் ஏற முன்னர் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு வாசித்தால் மட்டுமே ஒரு செற்றின் ஆயுள் கணிசமாக நீளும். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்திச் சீலை ஒன்றை எடுத்து, கம்பியின் மேலே மட்டும் துடைக்காமல், கம்பிக்கும் பிரெற் பலகைக்கும் நடுவே செருகி, கம்பியைச் சுற்றிப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மற்ற முனைவரை இழுங்கள். அழுக்குச் சேர்வது அடிப்பக்கத்தில்தான். சீலையில் கறுப்பாக வருவதைப் பார்த்தால் விளங்கும்.

உங்கள் கம்பி செத்ததா என்று பார்க்க ஒரு வழி. நகத்தைக் கம்பியின் அடியில் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டு போங்கள். பிரெற் இருக்கிற இடங்களில் நகம் சின்னச் சின்னக் குழிகளில் தட்டினால், சுற்றுக்கம்பி அங்கே நசிந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு 12ஆவது பிரெற்றில் விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து வரும் ஹார்மோனிக்கையும், அதே பிரெற்றை அழுத்தி வரும் சுரத்தையும் சுருதி காட்டுகிற ரியூனரில் பாருங்கள். முன்பு சரியாக இருந்த கிற்றாரில் இப்போது இரண்டும் சேரவில்லை என்றால் கம்பியின் கனம் நீளம் முழுக்க ஒரே சீராக இல்லை. அதற்கு மருந்து புதிய செற்தான்.

கம்பியை அவித்து எடுத்தால் புதிதாகும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மை, கொஞ்ச நாளைக்கு. கொதிநீர் எண்ணெயை எடுத்துவிடும், மினுக்கம் திரும்பும், ஆனால் பள்ளங்களில் ஈரம் தங்கினால் நம் காற்றில் துரு தொடங்கிவிடும். அதைவிடச் சுத்தமான வழி, மருந்துக்கடையில் வாங்குகிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட். ஒரு பீவீசீ குழாய்த் துண்டின் அடியை மூடி, ஸ்பிரிட் ஊற்றி, கழற்றிய கம்பிகளை உள்ளே இறக்கி, மேலே மூடி ஒரு இரவு வையுங்கள். எடுத்துத் துடைத்தால் தானாகவே காய்ந்துவிடும், ஈரம் நிற்காது. அடுப்பு, விளக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், சட்டென்று தீப்பிடிக்கிற சாமான். கிற்றாரின் மரத்திலும் பட விடாதீர்கள், பூச்சு போகக்கூடும். நசிந்த கம்பியை இது திருப்பித் தராது, அழுக்கை மட்டும்தான் எடுக்கும். ஒவ்வொரு முறை கழற்றிப் பூட்டும்போதும் சுருதி முறுக்குகிற கீயில் வளைந்த இடம் பலவீனப்படும் என்பதால் ஒரு செற்றுக்கு இதை அடிக்கடி செய்யவும் ஏலாது.

அடிக்கடி மாற்றக் காசு இல்லை என்று சொன்னீர்கள். பேஸ் செற் ஒன்று சாதாரண கிற்றார் செற்றைப்போல மூன்று மடங்குக்குக் குறையாத விலை, அதனால் இந்தக் கவலை நியாயம். படலம் போட்ட கம்பிகள் இருக்கின்றன, எலிக்ஸர் நானோவெப் அதில் பெயர்போனது. நிக்கல் பூசிய கம்பியின் மேல் மிக மெல்லிய பொலிமர் படலம், அழுக்கும் உப்பும் பள்ளத்துக்குள் போகாது. விலை சாதாரண செற்றைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம் காற்றுக்கு அது காசுக்கு ஏற்ற சாமான் என்பது என் எண்ணம், அதிலும் கை கூட வியர்ப்பவர்களுக்கு. ஆனால் முதல் செற்றாகவே அதை வாங்க வேண்டாம். எந்தத் தடிப்பு உங்கள் கைக்குப் பொருந்துகிறது என்று சாதாரண நிக்கலில் கண்டுபிடித்துவிட்டு, அடுத்த முறை அதே தடிப்பில் படலம் போட்டதை எடுங்கள். தடிப்புப் பிழைத்தால் அந்த விலைக்கு மனம் கேட்காது.

கடையில் பார்க்க வேண்டியது இரண்டு மூன்று. ஒன்று ஸ்கேல். உங்கள் கிற்றாரில் கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் படிகிற நட்டிலிருந்து 12ஆவது பிரெற் வரை அளவுநாடா வையுங்கள். 17 அங்குலம் வந்தால் 34 அங்குல ஸ்கேல், லோங் ஸ்கேல் செற் வாங்க வேண்டும். 15 வந்தால் அது 30 அங்குலக் குறுகிய ஸ்கேல், அதற்கு வேறு செற். யமஹாவின் நான்கு கம்பி பேஸ்களில் பெரும்பாலானவை 34 தான், இருந்தாலும் பழைய சாமான் என்பதால் அளந்துவிட்டுப் போங்கள். கம்பிகள் உடலின் மேலே அவற்றைத் தாங்குகிற பாலத்தில் செருகாமல் உடலுக்குப் பின்பக்கத்தால் நுழைந்து வருகிற கிற்றார் என்றால் இன்னும் நீளம் தேவைப்படும், அதையும் கடையில் சொல்லுங்கள்.

இரண்டாவது, பக்கெற்றின் வயது. பேஸ் கம்பி கெதியாக விற்காத சாமான், கடைத் தட்டில் கனகாலம் கிடக்கும். காற்றுப் புகாமல் மூடிய உறை என்றால் பயமில்லை. மட்டைப்பெட்டியும் கடதாசி உறையும் மட்டும்தான் என்றால், பெட்டி ஊதியிருக்கிறதா, மஞ்சளாகியிருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் கடைக்காரரின் அனுமதியோடு திறந்து, கம்பியில் கறுப்புப் புள்ளி இல்லை என்று பார்த்து வாங்குங்கள். மூன்றாவது, போலி. பெயர்போன கம்பனிகளின் பெயரில் போலிச் செற்றுகள் உலகம் முழுவதும் ஓடுகின்றன. டடாரியோ பக்கெற்றுக்குள் ஒரு குறியீடு வைத்திருக்கிறது, அதைக் கம்பனியின் தளத்தில் பதிந்து அசலா என்று பார்க்கலாம். நம்ப முடியாத மலிவு விலை என்றால் நம்பாமலே விடுங்கள்.

கம்பனி எது என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். டடாரியோ, ஏர்னி போல், ஜிஎச்எஸ் மூன்றில் எது கையில் கிடைத்தாலும் எடுங்கள். ஒரே தடிப்பில் இவற்றுக்குள்ளே இருக்கிற வித்தியாசம், புதிய கம்பிக்கும் செத்த கம்பிக்கும் இடையிலுள்ள வித்தியாசத்துக்கு முன்னால் மிகச் சின்னது. டிஆர் சன்பீம்ஸ் கிடைத்தால் பூட்டிப் பாருங்கள், அதன் உள்கம்பி உருண்டை, கையில் வளைந்து கொடுக்கும், நிக்கல் கம்பியில் எனக்கு மிகப் பிடித்த சத்தம் அதுதான். பூட்டுவதில் மட்டும் கவனம் வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

பூட்டும்போது கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள், கழுத்தின் இழுவை முழுவதும் ஒரேயடியாகக் குறையாது. கம்பியைப் பாலத்தால் நுழைத்து நேராக இழுத்து, அது சுற்றவேண்டிய கீயைத் தாண்டி இன்னும் 10, 12 சென்றிமீற்றர் விட்டு, அந்த இடத்தில் குறட்டால் முதலில் 90 பாகைக்கு மடியுங்கள். மடித்த பிறகுதான், மடிப்புக்கு அப்பால் வெட்ட வேண்டும். மடிக்காமல் வெட்டினால் சுற்றுக்கம்பி உள்ளே தளர்ந்து, அந்தக் கம்பி பூட்ட முதலே செத்துவிடும். உள்கம்பி உருண்டையான செற்றுகளில் இது நிச்சயம் நடக்கும். வெட்டிய நுனியைக் கீயின் நடுத் துவாரத்தில் இறக்கி, சுற்றுகள் மேலிருந்து கீழே இறங்கும்படி இரண்டு மூன்று சுற்று வரட்டும். கம்பி நட்டில் கீழ்நோக்கி அமர வேண்டும். பூட்டி முடிந்ததும் பாலத்தில் கம்பி படிகிற சேணத்துக்கு முன்னாலும் நட்டுக்கு முன்னாலும் பெருவிரலால் கம்பியை மெல்ல அழுத்தி அமர்த்துங்கள். அந்த இடத்தில் கம்பி வில்போல வளைந்து நின்றால் சுருதி நிலைக்காது, சத்தமும் மங்கும்.

தடிப்பு மாறியிருந்தால் கழுத்தும் அசையும். முதல் பிரெற்றையும் கடைசிப் பிரெற்றையும் ஒரே நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டு, 7ஆவது, 8ஆவது பிரெற் பக்கத்தில் கம்பிக்கும் பிரெற்றுக்கும் இடைவெளி பாருங்கள். 0.3 மில்லிமீற்றர் அளவு இருந்தால் நல்லது. அதைவிட அதிகம் என்றால் கழுத்துக்குள் இருக்கிற இரும்புத் தண்டைக் கடிகாரத் திசையில் கால் சுற்று மட்டும் இறுக்கி, ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். இறுக்கமாகத் திருப்ப வேண்டி வந்தால் நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள், அந்தத் தண்டு முறிந்தால் கிற்றாரே போய்விடும். பிறகு 12ஆவது பிரெற் சோதனை. அழுத்திய சுரம் ஹார்மோனிக்கைவிடக் கூடினால் பாலத்தின் சேணத்தைக் கழுத்துக்கு அப்பால் பின்னே நகர்த்துங்கள், குறைந்தால் முன்னே.

இதெல்லாம் நிகழ்ச்சி நாளன்று செய்கிற வேலை இல்லை. புதிய கம்பி முதல் இரண்டு மூன்று நாள் இழுபட்டுச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும், மினுக்கமும் அடங்காது. திருவிழா நிகழ்ச்சிக்கு ஒரு கிழமை முன்னர் பூட்டி, வீட்டில் வாசித்து அடக்கி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய கம்பிகளை எறிய வேண்டாம். ஸ்பிரிட்டில் கழுவிக் காயவைத்து, சுருட்டி, எந்தக் கம்பி எது என்று கடதாசி ஒட்டி, காற்றுப் புகாத பையில் போட்டு கிற்றார் உறைக்குள் வையுங்கள். பேஸ் கம்பி அறுவது அபூர்வம், ஆனால் அறுந்தால் இரவு பதினொரு மணிக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது.